மயில்துத்தத்தின் ஐந்தாம் நீர்

மயில்துத்தம் என்னும் நீலப் படிகத்தை உயர்நிலை மாணவர் யாவரும் அறிவர். செம்பு சல்பேட்டு ஒன்றுக்கு நீர் மூலக்கூறு ஐந்து என்பது அதன் வாய்பாடு. ஆகவே ஐந்து நீரும் செம்பைச் சூழ்ந்து நிற்கின்றன என்று கற்பிப்போரும் உளர். அது பிழை.

1912-இல் மியூனிக் நகரில், லாவே என்பாரின் கருத்தைச் சோதிக்கப் பிரீட்ரிக், நிப்பிங் இருவரும் எக்ஸ் கதிரை முதன்முதல் செலுத்தியது இப்படிகத்தினூடேதான். எனினும், சமச்சீர் மிகக் குன்றிய படிகமாதலின், இதன் உள்ளமைப்பு எளிதில் பிடிபடவில்லை. 22 ஆண்டுகள் கழித்து, 1934-இல், பீவர்ஸ், லிப்சன் என்போர் அதனை வெளியிட்டனர்.

செம்பணுவைச் சுற்றி, ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் நிற்பன நான்கு நீர் மூலக்கூறுகளே. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சல்பேட்டின் ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. நீரின் ஆக்சிஜன் செம்பிலிருந்து ஏறத்தாழ 1.95 ஆங்ஸ்ட்ரம் தொலைவில் இருக்க, சல்பேட்டின் ஆக்சிஜனோ 2.4 ஆங்ஸ்ட்ரம் தள்ளி நிற்கின்றது. எண்முகிதான், ஆனால் இழுத்து நீட்டிய எண்முகி. டி வகை இடங்கள் 10 இருக்க, இந்தச் செம்பு அயனியில் 9 எலெக்ட்ரான்களே உள்ளன. அவை எத்திசையிலும் சமமாகப் பரவ இயலாமையால் வந்தது இந்நீட்சி. 1937-இல் யான், டெல்லர் இருவரும் நிறுவிய தேற்றம் இதனை விளக்கும்.

ஐந்தாம் நீர் எங்கே? அது செம்பைத் தொடுவதேயில்லை. செம்பைச் சார்ந்த நீருக்கும் சல்பேட்டுக்கும் நடுவே, ஹைட்ரஜன் பிணைப்பால் நிற்கின்றது.

கரும்பலகையில், நான்கு நீரைச் செம்போடு ஓர் அடைப்பிலும் எஞ்சிய ஒன்றைப் புறத்தேயும் எழுதிக் காட்டுதல் நன்று. அப்போதும் சல்பேட்டின் அந்த இரு நீண்ட பிணைப்புகள் கண்ணுக்குப் புலப்படமாட்டா. அவற்றை ஆசிரியரே வாயால் சொல்லுதல் வேண்டும்.