கிலுகிலுப்பையின் வயிற்றுக்குள்ளே

செருப்பைக் கழற்றாமலே உள்ளே வாங்க. தரையில் எங்காவது மும்முனை முள் ஒன்று கிடக்கும்; காலில் ஏறினால் அப்புறம் ஒரு வாரத்துக்கு நொண்டல்தான்.

பண்டமாரானில் ஒரு தாமான் வீட்டின் பின்கட்டு இது. பகலில் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், இரவானால் இங்கே அறுவை சிகிச்சை செய்கிறார். சுவர் முழுக்க ஆணிகள், ஆணிக்கு ஒரு கெவாங், அதாவது தூண்டிலில் கட்டும் பொய்மீன். வெள்ளி, தங்கம், ரத்தச் சிவப்பு, இறால் நிறம். எல்லாம் ஒரே சாதி: முகவாயில் துருத்தி நிற்கும் பிளாஸ்டிக் தகடு இல்லாத, தட்டை உடம்புள்ள, தண்ணீரில் மூழ்குகிற பொய்மீன்கள். தூண்டில்காரர்கள் லிப்லெஸ் என்பார்கள். ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள். கிலுகிலுகிலு! குழந்தையின் கிலுகிலுப்பை கணக்காகச் சத்தம் போடும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம், ஏனென்றால் அண்ணன் ஒன்றை அறுக்கப் போகிறார்!

சாயம் உரிந்து, தோமான் மீன் கடித்த தழும்புகளோடு இருக்கும் கிழட்டுக் கெவாங் அது. இடுக்கியில் வைத்து, ஒட்டுக்கோடு ஓடும் வழியே ரம்பத்தை இழுக்கிறார்.

“அண்ணே, மெதுவா!”

“கிட்ட வராதே தம்பி, கண்ணுல தெறிக்கும்.”

டப். இரண்டு பாதியும் பிரிகின்றன. எஃகுக் குண்டுகள் சிமெண்டுத் தரையில் துள்ளி ஓட, நான் முட்டி போட்டு ஐஸ் பெட்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவுகிறேன். கிடைத்துவிட்டது! மிளகை விடக் கொஞ்சம் பெரிய உருண்டை. இதற்கா இத்தனை மீன்கள் ஏமாந்தன?

வயிற்றில் இரண்டு அறைகள். முன்னறையில் அசையாத எடைக்கட்டி. அதனால்தான் இது தலைகுப்புற இறங்குகிறது. பின்னறை குண்டுகளுக்கு. தூண்டில் நரம்பு கட்டும் வளையம் மூக்கில் இல்லை, பிடரியில் இருக்கிறது. முழு வித்தையும் இந்த வளையத்தில்தான்! பிடரியைப் பிடித்து இழுத்தால் நெற்றி முன்னே சாய்கிறது. சாய்ந்த நெற்றியில் தண்ணீர் மோதி ஒருமுறை இடப்பக்கம் வழுக்குகிறது, மறுமுறை வலப்பக்கம். தகடு செய்ய வேண்டிய வேலையை நெற்றியே செய்துவிட, உடம்பு படபடவென்று நடுங்குகிறது. அந்த நடுக்கத்தில் குண்டுகள் சுவரில் மோதிக் கத்துகின்றன.

1960களில் அமெரிக்காவில் பில் லூயிஸ் ‘ராட்-எல்-டிராப்’ என்று இதே வகையில் ஒன்றைச் செய்து விற்றார். அதற்கும் முன்பே டெக்சஸில் ‘பிக்கோ பெர்ச்’ இருந்தது. பின்லாந்தின் ரபாலாவும் ‘ராட்லின் ராப்’ என்று தன் பங்குக்கு ஒன்றை இறக்கியது. அங்கே அவற்றுக்கு இரை பெரியவாய் பாஸ் மீன். நம் ஊர்த் தண்ணீரில் அந்த பாஸ் கிடையாது. கவலையே வேண்டாம், நம்மிடம் இருக்கும் படையைப் பாருங்கள்: உவர்நீரில் சியாக்காப், அதாவது நம் கொடுவா, நன்னீரில் தோமான், செபராவ், பீக்காக் பாஸ்!

கலங்கிய தண்ணீரில் மீனுக்குக் கண் அதிகம் உதவாது. ஆனால் உடம்பின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு பக்கத்திலிருக்கும் நீரதிர்வை உணர்ந்துவிடும். தலைக்குள் காதும் உண்டு, காதில் கல்லும் உண்டு. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி தண்ணீரில் ஏறக்குறைய 1,500 மீட்டர் போகிறது. பொய்மீன் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சத்தம் மீனைத் தட்டி எழுப்பியிருக்கும். கிள்ளான் பக்கத்துத் தண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமான கெவாங்கை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இனி கோலாம் பஞ்சிங்கின் திரைமறைவு. காசு கட்டி மீன் பிடிக்கும் உவர்நீர்க் குட்டை, ஆட்கள் வருவதற்கு முந்தைய நேரம். பெருக்கு ஏறும்போது மதகைத் திறந்து புதுத் தண்ணீர் விடுகிறார்கள். சக்கரங்கள் தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கின்றன. ஆக்சிஜன் சிலிண்டரோடு ஒரு லோரி பின்பக்கமாக வருகிறது, அதன் தொட்டிக்குள் வளர்ப்புக் கொடுவாக்கள்! வந்த வேகத்தில் கொட்டிவிட மாட்டார்கள். குட்டைத் தண்ணீரைத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிய பிறகுதான் விடுகிறார்கள். வாய்க்குள் கை நுழையும் அளவுள்ள மீன்கள், வெள்ளிச் செதில், விளக்கு பட்டால் செம்மையாய் மின்னும் கண். இந்த மீனுக்கு இன்னொரு ரகசியமும் உண்டு. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். மிகப் பெரிய கொடுவா ஒன்று கையில் கிடைத்தால் அது அநேகமாக அம்மாதான்.

குட்டை மீன்கள் விவரமானவை. வாரக்கடைசி முழுக்கக் கிலுகிலுச் சத்தமே கேட்டால் திங்கட்கிழமை அவை அசையாது. அதற்கும் அண்ணன் ஒரு மருந்து வைத்திருக்கிறார், எனக்கு மிகப் பிடித்த வித்தை அது. கெவாங்கில் ஊசித்துளை போட்டு, உள்ளே பசையைச் செலுத்தி, குண்டுகளை ஒட்டி ஊமையாக்கிவிடுகிறார்! ஆட்டம் இருக்கும், சத்தம் இருக்காது. ஒரே ஒரு பெரிய குண்டு மட்டும் போட்டு ‘டொக் டொக்’ என்று கனத்த குரலில் பேசும் வகையும் கடையில் கிடைக்கிறது. மும்முனை முட்களைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுவது அடுத்த வேலை. மீனுக்கும் காயம் குறைவு, நம் விரலுக்கும் நல்லது.

நன்னீருக்குப் போக வேண்டுமானால் பழைய ஈயலம்பங்கள் இருக்கின்றன. 1985-இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடியபோது பள்ளங்களில் தண்ணீர் நிறைந்தது. சுங்கை பெசியில் ஹோங் ஃபாட் சுரங்கம் இருந்த இடம் இப்போது மைன்ஸ் ஏரி. எல்லா ஏரியிலும் தூண்டில் போட விடமாட்டார்கள், கேட்டுக்கொண்டு போங்கள். லம்பக்குட்டையின் கரை சட்டென்று செங்குத்தாக இறங்கும். மிதக்கும் கெவாங் அந்த ஆழத்தை எட்டாது. லிப்லெஸ்ஸுக்கு அது விளையாட்டு! அரை அவுன்ஸ் எடையுள்ளது நொடிக்குச் சுமார் ஒரு அடி இறங்கும். எறிந்து, பத்து எண்ணி, இழுத்தால் பத்தடி ஆழத்தில் ஓடும்.

பீக்காக் பாஸ் தென்னமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. பேரில்தான் பாஸ், உறவில் திலாப்பியாவின் சொந்தக்காரன். இங்கே அது சின்ன மீன்களைத் தின்று தீர்க்கும், அதனால் பிடித்ததைக் கொண்டுபோய் வேறு குட்டையில் விடவே கூடாது. தோமான் நம் மண்ணின் மைந்தன். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் குமுறிக்கொண்டு போனால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அந்த இடத்தில் கெவாங் எறிந்தால் கோபத்தில் பாய்ந்து கடிக்கும், நிச்சயம். எறியாதீர்கள்! பெற்றோரைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களின் வயிற்றுக்குத்தான். இதைச் சொல்லாமல் இந்தப் பின்கட்டிலிருந்து உங்களை அனுப்ப எனக்கு மனசில்லை.

எறிந்த பிறகு வெறுமனே சுருட்டினாலும் மீன் கடிக்கும். ஆனால் அண்ணன் சொல்லித்தரும் முறை வேறு. ராட் நுனியை விருட்டென்று மேலே தூக்கு, ஒரு கிலுகிலு. உடனே தாழ்த்து, தலைகுப்புற இறங்க விடு. கடி பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான் வரும்! நரம்பு திடீரென்று தொய்ந்தாலும் சரி, பக்கவாட்டில் நகர்ந்தாலும் சரி, யோசிக்காமல் வெட்டி இழுக்க வேண்டும். பாசியில் மாட்டினால் சலிக்காதீர்கள், வெடுக்கென்று பிய்த்து எடுங்கள். பிய்த்து வெளியே வரும் நொடியில் வந்து மோதும் மீன்கள் ஏராளம்.

கொடுவா மாட்டினால் துள்ளித் தலையை உதறும். செவுள் மூடி கத்தி மாதிரி, நரம்பை அறுத்துவிடும். நுனியில் தடித்த லீடர் கட்டியிருக்க வேண்டும், விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. குட்டைக்கரையில் நின்று இதை அண்ணன் விளக்கி முடிப்பதற்குள் எதிர்க்கரைப் பையனின் ராட் வளைந்துவிட்டது. “அங்கிள், சாவோக்! சாவோக்!” வலையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் ஓடுகிறார். நானும் பின்னாலேயே ஓடுகிறேன்!