ஆள் யார்?

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குச் சாயங்காலம் வருகிறவர்கள் இரண்டு வகை. சர்க்கரை குறைய நடக்கிறவர்கள் ஒரு வகை. நடக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து பேசுகிறவர்கள் இன்னொரு வகை. நாங்கள் மூன்று பேரும் அந்த இரண்டாவது கோஷ்டி.

ஒருவர் ரிடையரான தமிழ் வாத்தியார், வயது 75. இன்னொருவர் கோர்ட்டு வராந்தாவிலேயே தலை நரைத்த வக்கீல் குமாஸ்தா. மூன்றாவது ஆசாமி நான். கெடிலத்தில் தண்ணீர் வருமா, முந்திரி விலை ஏறுமா என்பதுதான் எங்கள் வழக்கமான சர்ச்சை. 2023 அக்டோபரில் ஒருநாள் வாத்தியார் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை.

"படிச்சீங்களா தம்பி?"

படித்திருந்தேன். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால், மறுபடி உண்டானதே தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிறகு வந்த மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெரியவந்தபோது ஆறு மாசம். கலைக்க அனுமதி கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அக்டோபர் 9-ந் தேதி அனுமதி கிடைத்தது. உடனே டெல்லி எய்ம்ஸ் டாக்டர் ஒருவர், குழந்தை பிழைக்க வாய்ப்பிருக்கிறது, இதயத்தை நிறுத்திவிட்டு எடுப்பதா, உயிரோடு எடுப்பதா என்று கோர்ட்டே சொல்லட்டும் என எழுதிவிட்டார்.

விஷயம் மறுபடி அதே இரண்டு நீதிபதிகளிடம் வந்தது. இருவருமே பெண்கள். ஹிமா கோலி, என் மனசாட்சி இடம் தரவில்லை என்றார். நாகரத்னா, அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார். தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட மூவர் பெஞ்ச் 16-ந் தேதி அனுமதி மறுத்தது. 24 வாரம் தாண்டிவிட்டது, கருவில் குறையில்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை என்பது காரணம்.

"சரியான தீர்ப்பு!" என்றார் வாத்தியார்.

"தப்பு!" என்றேன் நான்.

"டீ சொல்லட்டுமா?" என்றார் குமாஸ்தா. அனுபவஸ்தர்!

வாத்தியார் ஆரம்பித்தார். "சட்டம் 1971-ல வந்தப்ப எல்லை 20 வாரம். 2021-ல சில பேருக்கு மட்டும் 24 வாரம்னு திருத்தினாங்க. அப்ப வயித்துல இருக்கிறது ஆளாகிறது நாலு வாரம் தள்ளிப்போச்சா? பார்லிமெண்ட்டு கை தூக்கினாத்தான் உயிரா?"

"வெளியே வந்தா பிழைக்குமாங்கறதைப் பார்க்கணும் ஐயா."

"அதுவும் ஓட்டைக் கணக்கு. இன்குபேட்டர் இருக்கிற ஊர்ல 26 வாரத்துப் பிள்ளை ஆளு. இல்லாத ஊர்ல ஆளில்லையா? மெஷினைப் பார்த்தா மனுஷனைத் தீர்மானிக்கிறது?"

நான் விடுவேனா? "சரி, கரு உண்டான அன்னிக்கே ஆளுன்னா, எத்தனையோ கரு கர்ப்பப்பையில ஒட்டாமலே யாருக்கும் தெரியாம கழிஞ்சு போகுதே, அதுக்கெல்லாம் காரியம் பண்றோமா? முதல் ரெண்டு வாரத்துக்குள்ள ஒரே கரு ரெண்டா பிரிஞ்சு ரெட்டைப் பிள்ளை ஆகுது. ஒரு ஆளு எப்படி ஐயா ரெண்டு ஆளாவாரு?"

வாத்தியார் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு புறநானூற்றுக்குப் போய்விட்டார். 74-வது பாட்டு. சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையில் பாடியது. குறையாகப் பிறந்த பிண்டத்தைக்கூட வீர குலத்தில் பிறந்தவனாகவே மதித்து, வாளால் கீறி அடக்கம் செய்கிற வழக்கம் அதில் வருகிறது. "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே தமிழன் கணக்குல அதுவும் ஆளுதான்!"

"சட்டத்துக் கணக்கே வேற சார்" என்று குமாஸ்தா குறுக்கே வந்தார். "1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், செக்‌ஷன் 20. அப்பன் சாகும்போது வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் சொத்துல பங்கு உண்டு. ஆனா உயிரோட பிறந்தாத்தான். அதாவது பாதி ஆளு!"

மறுநாள் வாத்தியார் பலமான அஸ்திரத்தோடு வந்தார். "பெண்ணுரிமைங்கறீங்களே... ஸ்கேன்ல பார்த்துப் பொண்ணுன்னா கலைச்சாங்களே, அது என்ன உரிமை? அதைத் தடுக்க 1994-ல தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. நம்ம கடலூர் மாவட்டத்துல 2011 சென்சஸ்படி ஆறு வயசுக்குள்ள ஆயிரம் ஆண் குழந்தைக்குப் பெண் குழந்தை 900 கூட இல்லை. அந்த வருஷம்தான் தொட்டில் குழந்தைத் திட்டத்தையே இங்க கொண்டுவந்தாங்க. உங்க உரிமை யாரைத் தேடிப் போச்சு பார்த்தீங்களா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "அங்கெல்லாம் முடிவு பண்ணினது மாமியாரும் புருஷனும்தானே ஐயா. அந்தப் பொண்ணை யார் கேட்டா?"

சொல்லிவிட்டேனே தவிர, அந்த வார்த்தை என்னையே கிள்ளியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்படியே போனால் சண்டையில்தான் முடியும் என்று குமாஸ்தாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "எங்க சீனியர் சொல்லுவாரு சார். எதிர்க்கட்சி கேஸை நடத்தத் தெரியாதவன் தன் கேஸையும் தோப்பான். நாளைக்குக் கட்சி மாத்திப் பேசுங்க. வாத்தியார் சார், நீங்க அந்தப் பொண்ணுக்காக. நீங்க பிள்ளைக்காக!" என்றார்.

மறுநாள் வாத்தியார் வெகு நேரம் கெடிலம் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

"நான் எங்க வீட்ல ஏழாவது. எங்கம்மா என்னைக் கலைக்கப் பார்த்தாங்க தம்பி. பப்பாளிக்காய், எள்ளு, கருப்பட்டின்னு யார் யாரோ சொன்னதையெல்லாம் தின்னாங்களாம். நான் கெட்டிப்பிள்ளை, நின்னுட்டேன். பெரியக்கா பின்னால ஒருநாள் வேடிக்கையாச் சொன்னாங்க. எனக்கு வேடிக்கையா இல்லை. அன்னிலேருந்துதான் இந்தக் கோபம். அப்பல்லாம் சட்டப்படி குற்றம். அம்மா உயிரைக் காப்பாத்தங்கற காரணம் இல்லாம கலைச்சா, 312-வது செக்‌ஷன்ல அவளையே ஜெயில்ல போடலாம். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. திருட்டுத்தனமாக் கலைச்சு எத்தனையோ பொம்பளைங்க செத்தாங்க. அதைப் பார்த்துத்தான் 1964-ல சாந்திலால் ஷா கமிட்டி போட்டு, அப்புறம் சட்டத்தை மாத்தினாங்க..."

நிறுத்தினார்.

"ஆறு பிள்ளை பெத்து, கூழுக்கு அலைஞ்சுகிட்டு, அவங்க என்ன பாடு பட்டிருப்பாங்க? என்னைப் பத்தியே நினைச்சனே ஒழிய, அதை நினைச்சதே இல்லை. அதுக்கப்புறம் என்னைத்தான் மடியை விட்டு இறக்காம வளர்த்தாங்க."

என் முறை வந்தது. பிள்ளைக்காகப் பேச வேண்டும். எனக்குப் பேச்சு வரவில்லை.

1986-ல் என் மனைவி மூன்றாவதாக உண்டானாள். இரண்டு மாசம். நாம் இருவர் நமக்கு இருவர் என்று சுவருக்குச் சுவர் எழுதியிருந்த காலம். எனக்குச் சம்பளம் பத்தவில்லை. ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவளைப் பார்த்துத்தான் கேட்டார், "என்னம்மா, சம்மதமா?" என்று. நான், "சம்மதம்தான் டாக்டர்" என்றேன். 1971 சட்டப்படி வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்தே தேவையில்லை. அவள் பேசாமல் கையெழுத்துப் போட்டாள். அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசினதே இல்லை.

பெண்ணின் முடிவு, பெண்ணின் முடிவு என்று மூன்று நாளாய் மைதானம் அதிர முழங்கினவன் நான்!

அன்று ராத்திரி அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எண்பத்தாறுல... உன்னைக் கேட்காம நானே முடிவு பண்ணிட்டேன் இல்லே?"

கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கும் அப்ப வேண்டாம்னுதாங்க இருந்தது. சின்னவனுக்கு ஒன்றரை வயசு. உடம்புல தெம்பில்லை. நீங்க கேட்டிருந்தா நானே வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா நீங்க கேட்கலை."

கொஞ்ச நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணுன்னு நானா நினைச்சுக்குவேன். இருந்திருந்தா இப்ப முப்பத்தாறு முடிஞ்சிருக்கும். வருஷா வருஷம் கணக்குப் பண்ணுவேன்."

"அப்ப அது ஆளுதான்னு சொல்றியா?"

"எனக்கு ஆளுதான். அதுக்காக அப்ப பெத்திருக்க முடியுமா? முடியாது. ரெண்டும்தான். இதுல என்ன உங்களுக்குப் புரியலை?"

மறுநாள் மைதானத்தில் அதைச் சொன்னேன். சுப்ரீம் கோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொன்றாகச் சொன்னதை, இவள் ஒருத்தியே கீரை ஆய்ந்துகொண்டு சொல்லிவிட்டாள்! வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆனா ஒண்ணு தம்பி. ஆறு மாசத்துப் பிள்ளை விஷயத்துல நான் இன்னும் என் கட்சிதான்."

"நானும் என் கட்சிதான் ஐயா. முடிவு அவளுடையதுதான். ஆனா இனிமே அது வெறும் சதைன்னு சொல்ல மாட்டேன்."

"அவளைக் கொலைகாரின்னு நானும் சொல்ல மாட்டேன்" என்றார் அவர்.

"அப்ப வாய்தா!" என்று எழுந்தார் குமாஸ்தா.

இதைப் பத்திரிகைக்கு எழுதுவதற்கு முன்னால், "உன் விஷயம் வருது, எழுதட்டுமா?" என்று வீட்டில் கேட்டேன். அடுப்படியிலிருந்தே பதில் வந்தது:

"இதையாவது கேட்டீங்களே!"