குண்டுக்கு என்ன நிறம்?

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சின்ன விமானம் செய்வது பிரிட்டனில் பலருக்குப் பொழுதுபோக்கு. சிறுவர்கள் மட்டும் அல்ல. தலை நரைத்த தாத்தாக்களும் செய்கிறார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் பறந்த 'லங்காஸ்டர்' விமானம் என்றால் அவர்களுக்குத் தனி ஆசை. நிஜ விமானத்தின் இறக்கை, நுனிக்கு நுனி 102 அடி. அதை 72 மடங்கு சிறியதாக்கினால் 17 அங்குலம். மேஜை மீது வைத்துவிடலாம்!

விமானத்துக்கு வர்ணம் பூசியாயிற்று. அதன் வயிற்றில் வைக்கும் குண்டுகளுக்கு என்ன நிறம் பூசுவது? பலர் கறுப்பைப் பூசிவிடுகிறார்கள். சித்திரக் கதைகளில் குண்டு என்றால் கறுப்புதானே! ஆனால் அது சரியல்ல.

1939-ல் யுத்தம் தொடங்கியபோது பிரிட்டிஷ் குண்டுகளின் நிறம் மஞ்சள். 1940-ல் பறந்த 'பிளென்ஹீம்' விமானத்துக்கு மஞ்சள் குண்டு பொருந்தும். ஆனால் மஞ்சள் தூரத்திலிருந்தே கண்ணில் படும். திறந்த வெளியில் அடுக்கி வைத்தால் எதிரிக்கும் தெரியுமே! பின்னர் குண்டுகளுக்குக் கரும்பச்சை பூசினார்கள். லங்காஸ்டர் போருக்கு வந்தது 1942-ல். அதற்குக் கரும்பச்சைதான் சரி.

பழைய போட்டோவைப் பார்த்து நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? அதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தக் காலத்துச் சில பிலிம்களில் சிவப்பு நிறம் கறுப்பாக விழும். மஞ்சளும் இருண்டு விழும். போட்டோவில் கறுப்பாகத் தெரியும் குண்டு உண்மையில் மஞ்சளாக இருந்திருக்கலாம். எந்த ஆண்டு எடுத்த படம் என்றும் பார்க்க வேண்டும்.

வளையம் சொல்லும் சேதி

குண்டின் மூக்கருகே மெல்லிய சிவப்பு வளையம் ஒன்று இருக்கும். 'உள்ளே மருந்து நிரப்பியாயிற்று' என்று அதற்கு அர்த்தம். வெளிர் பச்சைப் பட்டை இருந்தால், அந்த மருந்து கடும் வெடிமருந்து. அவசர அவசரமாகக் குண்டு ஏற்றும் சிப்பாய்க்குச் சீட்டைப் படிக்க நேரம் ஏது? நிறத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிய வேண்டும். பொம்மைக் குண்டில் சிவப்பு வளையத்தை விட்டுவிட்டால், அது காலிக் குண்டு!

இந்த வளையத்தைப் போடுவதுதான் கஷ்டம். கை கோணும். குண்டை ஒரு குச்சியில் செருகுங்கள். தூரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு குச்சியைச் சுற்றுங்கள். வளையம் நேராக விழும். பளபளக்கும் பெயிண்ட் வேண்டாம். கரும்பச்சையில் ஒரு துளி வெள்ளை கலப்பது நல்லது. சின்னப் பொருளில் நிறம் அதிகமாக இருண்டு தெரியும்.

லங்காஸ்டர் சுமந்த குண்டுகளில் ஒன்றின் எடை 4,000 ராத்தல். அதாவது சுமார் 1,800 கிலோ. கூர் மூக்கு கிடையாது. கொதிகலன் போல நீண்ட உருளை. அதற்கு விமானிகள் வைத்த பெயர் 'குக்கி'. பிஸ்கட் என்று பொருள்! அதற்கும் கரும்பச்சைதான்.

30 ராத்தல் எடையுள்ள தீக்குண்டுக்கோ உடம்பெல்லாம் சிவப்பு. அந்தச் சிவப்பைத் தொடும்போது கை சற்றுத் தயங்கத்தான் செய்யும். 1943 ஜூலைக் கடைசியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பெருங்குண்டுகளும் தீக்குண்டுகளும் சேர்ந்து விழுந்தன. நெருப்பு புயலாக எழுந்தது. 30,000-க்கும் அதிகமான மக்கள் மாண்டார்கள். குண்டு போடப் போனவர்களும் தப்பவில்லை. ஒரு லங்காஸ்டரில் 7 பேர் போவார்கள். பல விமானங்கள் திரும்பவே இல்லை. யுத்தம் முடிவதற்குள் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் இறந்தவர்கள் 55,573 பேர்.