பொன்னின் நிறமும் மாற்றும்

பழம் பொற்காசுகளை ஆராய்வோர், செந்நிறம் மிக்க காசு மாற்று உயர்ந்தது என்றும், வெளிறிய காசு தாழ்ந்தது என்றும் கொள்ளுதல் கூடும். 'செம்பொன்' என்னும் வழக்கு அக்கருத்திற்கு அரண் செய்வது போலத் தோன்றும். ஆயினும் நிறம் வேறு, மாற்று வேறு. இவ்வேறுபாட்டை விளக்குதலே ஈண்டுக் கருத்தாகும்.

தூய பொன் மஞ்சள் நிறமும் மென்மையும் உடையது. பலர் கையிலும் வழங்குங்கால் அது விரைவில் தேயும். ஆதலின் அதனை வலிமைப்படுத்தப் பிற உலோகம் சேர்ப்பர். செம்பு சேரின் நிறம் செம்மையுறும். வெள்ளி சேரின் வெளிறிச் சிறிது பசுமை சாயும். எனவே, கலப்பின் அளவு ஒன்றே ஆயினும் கலந்த பொருள் வேறாயின் தோற்றமும் வேறாகும்.

நம்மவர் சவரன் எனவும் பவுன் எனவும் வழங்கும் ஆங்கிலக் காசு இதற்குத் தக்க சான்று. 1817 முதல் இலண்டனில் வெளிவந்த அக்காசில் 24 பங்கிற்கு 22 பங்கு பொன். எஞ்சியது பெரும்பாலும் செம்பு. 1855-இல் சவரன் அடிக்கத் தொடங்கிய சிட்னி நாணயச்சாலையோ தொடக்கத்தில் வெள்ளியைக் கலந்தது. மாற்று இரண்டிற்கும் ஒன்றே. ஆயின் சிட்னிக் காசு வெளிர்மஞ்சளாய் விளங்கும். அண்மைக் காலத்துக் காசுகளும் இவ்வாறே. 1967-இல் தோன்றிய தென்னாப்பிரிக்கக் குருகர்ராண்டில் 8.33 விழுக்காடு கலப்பு முழுதும் செம்பு. ஆதலின் அது சிவந்து தோன்றும். 1986-இல் தோன்றிய அமெரிக்கக் கழுகுக் காசில் அதே அளவு கலப்பு, 3 விழுக்காடு வெள்ளியும் 5.33 விழுக்காடு செம்புமாகப் பகிர்ந்து நிற்றலின் அது மஞ்சள் மிக்குத் தோன்றும்.

புதையலிற் கிடைத்த காசுகளிடத்து மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. மண்ணுள் நெடுங்காலம் கிடந்தவற்றின் மேற்பரப்பிலுள்ள செம்பும் வெள்ளியும் அரிப்புண்டு நீங்க, அங்குப் பொன்னே மிகும். அதனால் மாற்றுக் குறைந்த காசும் உயர்ந்தது போலப் பொலியும்.

இவ்வுண்மையைப் பொன்வினைஞர் தொழிலும் காட்டும். அவர்கள் காசின் தோற்றத்தை மட்டும் நம்பாது, கட்டளைக்கல்லில் உரைத்து, மாற்றறிந்த உரையாணியின் கீற்றோடு ஒப்புநோக்கினர். அவ்வாணியும் காசிற் கலந்த உலோகமே கலந்ததாதல் வேண்டும். இன்றேல் கீற்றின் நிறமும் மயக்கும்.

சொல்லாராய்ச்சியிலும் இது நினைவிற் கொள்ளற்பாலது. செம்பொன், பசும்பொன் என்பன நிறம்பற்றிய பெயர்கள். சிலப்பதிகாரம் கூறும் நால்வகைப் பொன்னுள் ஒன்றாகிய கிளிச்சிறையும் கிளியின் சிறகு நிறம்பற்றியதே. செம்பொன், பசும்பொன் என்னும் இரண்டும் உயர்ந்த பொன்னைச் சுட்ட வழங்குதலின், அவற்றுள் ஒன்றை உயர்வாகவும் மற்றொன்றைத் தாழ்வாகவும் கோடல் பொருந்தாது. 'பத்தரை மாற்று' என்பதே தரம்பற்றிய வழக்கு. ஆகவே, காசுகளை விவரிப்போர் நிறம், நிறை, ஆய்ந்தறிந்த உலோக அளவு என்னும் மூன்றனையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். நிறம் ஒன்றையே கொண்டு ஓர் அரசன் காசின் தரத்தைக் குறைத்தான் என வரலாறு எழுதுதல் தகாது.