கணினியின் மின்வழங்கி

பொத்தானை அழுத்தியும் மேசைக் கணினியில் விளக்கு எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை. சுவரிலுள்ள சொடுக்கியும் மின்வடமும் சரியாக இருப்பின், ஐயம் மின்வழங்கியின்மேல் விழும். வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தருவது இந்தச் சிறு உலோகப் பெட்டியே.

பழுதான மின்வழங்கியைத் திறந்து பார்க்கும் ஆவல் சிலருக்கு எழும். அது கூடவே கூடாது. அதனுள் இருக்கும் மின்தேக்கி 300 வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தம் கொண்டது. மின்வடத்தைப் பிடுங்கிய பின்னரும் மின்னூட்டம் அதில் தங்கியிருக்கக்கூடும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மின்வழங்கியை முழுமையாக மாற்றுவதே முறை. அதனையும் விவரமறிந்த பெரியவரே செய்தல் வேண்டும்.

மின்வடத்தை அகற்றி, உள்ளிணைப்புகளைக் கழற்றி, கணினியின் பின்புறமுள்ள நான்கு திருகுகளை நீக்கினால் மின்வழங்கி வெளியே வந்துவிடும். புதியதன் வாட் அளவு பழையதைவிடக் குறைதல் ஆகாது. அவ்வளவு அதன்மேல் ஒட்டியுள்ள சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று திறன் குறைந்ததை வாங்குதல் வீண்செலவு. தாய்ப்பலகையில் பொருத்தும் 24 முனை இணைப்பி ஒரு பக்கமாக மட்டுமே நுழையும். நுழையாததை வலிந்து அழுத்தினால் தாய்ப்பலகையும் பழுதாகும்.