கவுண்ட் ஏறினால் மட்டும் போதுமா?

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்த வீட்டில் எல்லோரும் காத்திருப்பது ஒரே செய்திக்குத்தான்: "கவுண்ட் ஏறிடுச்சு!" கொடையாளரின் ஸ்டெம் செல்கள் நோயாளியின் மஜ்ஜையில் வேர்பிடித்து, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-ஐத் தாண்டித் தொடர்ந்து 3 நாள் நிலைத்தால், சிகிச்சை பலித்துவிட்டதாக மருத்துவர்கள் நிம்மதி அடைவார்கள். பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களுக்குள் இது நடந்துவிடும்.

ஆனால் அந்த எண், பாக்டீரியாவையும் பூஞ்சையையும் எதிர்க்கும் அணுக்களைப் பற்றியது. வைரஸை அடக்கும் அணுக்கள் திரும்பிவர மாதக்கணக்கில் ஆகும். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் அளிக்கப்படும் இந்தச் சிகிச்சை இன்று சென்னை உட்படப் பல நகரங்களில் நடக்கிறது. புது மஜ்ஜையோடு வீடு திரும்புவோர் பெருகிவரும் நிலையில், இந்த இடைவெளியைக் குடும்பத்தார் அறிந்திருப்பது மிக அவசியம்.

எதிர்ப்புச் சக்தி திரும்பும் வரிசை

மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கப்படும் கடுமையான கீமோதெரபியும் சிலருக்குத் தரப்படும் கதிர்வீச்சும் பழைய மஜ்ஜையை அழிக்கின்றன. அதோடு, அதுவரை கண்ட நோய்களையும் போட்ட தடுப்பூசிகளையும் நினைவில் வைத்திருந்த அணுக்களும் பெருமளவில் போய்விடுகின்றன.

நியூட்ரோஃபில்களை அடுத்து, முதல் இரண்டு மாதங்களுக்குள் என்.கே. (இயற்கைக் கொல்லி) செல்கள் திரும்புகின்றன. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்து அழிக்கும் டி செல்கள்தான் தாமதமாகின்றன. அவை பக்குவப்படும் இடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. வயது ஏற ஏற அது சுருங்கிவிடுவதால், பெரியவர்களைவிடக் குழந்தைகள் சீக்கிரம் தேறுகிறார்கள். பெரியவர்களுக்கு டி செல்கள் ஓரளவு நிறைவாகத் திரும்ப ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பி செல்கள் முழுமையாகச் செயல்படவும் ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும்.

பாதி மட்டுமே பொருந்திய கொடையாளரிடம் செல் பெற்றவர்களுக்கும் தொப்புள்கொடி ரத்த செல் பெற்றவர்களுக்கும் இந்தக் காலம் நீளும். கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கும் ஜி.வி.ஹெச்.டி. வந்து ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தன் சொந்த ஸ்டெம் செல்லையே திரும்பப் பெற்றவர்கள் பொதுவாக விரைவில் தேறுவார்கள்.

உள்ளேயே பதுங்கியிருக்கும் வைரஸ்கள்

வெளியிலிருந்து வரும் கிருமிகளுக்குத்தான் நாம் பயப்படுகிறோம். இங்கே பெரிய தொல்லை உள்ளே இருப்பவற்றால்தான். நம் நாட்டில் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் உடலில் சி.எம்.வி. என்ற வைரஸ் குழந்தைப் பருவத்திலேயே புகுந்து, சத்தமின்றித் தங்கியிருக்கிறது. டி செல்களின் காவல் நீங்கியதும் அது பெருகத் தொடங்கும். பெரும்பாலும் முதல் 100 நாட்களுக்குள். நுரையீரல், குடல், கல்லீரல், கண் என எதையும் தாக்கும்.

ஆகவே காய்ச்சலோ வலியோ இல்லாதபோதே வாரந்தோறும் ரத்தம் எடுத்து பி.சி.ஆர். பரிசோதனை செய்கிறார்கள். வைரஸின் அளவு ஏறினால், நோயாக முற்றுவதற்கு முன்பே கான்சிக்ளோவிர் அல்லது வால்கான்சிக்ளோவிர் தொடங்குவார்கள். இந்த மருந்துகள் வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் கவுண்ட்டையும் கூடவே கவனிப்பார்கள். 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லெட்டர்மோவிர், மஜ்ஜையைப் பாதிக்காமல் சி.எம்.வி.யை முன்கூட்டியே தடுக்க உதவுகிறது. "நல்லாத்தானே இருக்கார், எதுக்கு வாரா வாரம் ஊசி?" என்று பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள்.

பி.கே. வைரஸ் சிறுநீர்ப்பையைத் தாக்கினால் சிறுநீரில் ரத்தம் வரும், கடுப்பு இருக்கும். ஈ.பி.வி. என்ற வைரஸ் கட்டுப்பாடின்றிப் பெருகினால் நெறி கட்டும், சிலருக்குப் புற்றாகவும் மாறும். சின்னம்மை வைரஸ் மாதங்கள் கழித்து அக்கியாக வரும். இதைத் தடுக்கத்தான் குறைந்தது ஓராண்டு ஏசைக்ளோவிர் மாத்திரை கொடுக்கிறார்கள். உடலின் ஒரு பக்கத்தில் எரிச்சலோடு கொப்புளம் வரிசையாகக் கிளம்பினால், அக்கி எழுதக் காவிக்கல்லைத் தேடி நாளைக் கடத்தாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருந்துக்கு அடங்காதபோது

மருந்துக்கு வைரஸ் அடங்காதபோது உதவக்கூடிய வேறொரு வழியும் உண்டு. 1992-இல் அமெரிக்காவின் சியாட்டில் ஆய்வாளர்கள், கொடையாளரின் டி செல்களில் சி.எம்.வி.யைத் தாக்குபவற்றை மட்டும் ஆய்வகத்தில் வளர்த்து நோயாளிகளுக்குச் செலுத்திய முடிவுகளை வெளியிட்டார்கள். இழந்த எதிர்ப்புச் சக்தியையே மருந்தாகத் தரும் வழி அது. அதே வழியில் உருவான, ஈ.பி.வி. நோய்க்கான டி செல் மருந்து ஒன்று 2022-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்புதல் பெற்றது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

• சளி, இருமல் உள்ளவர்கள் நெருங்கிய உறவினரானாலும் வரவேண்டாம். நமக்கு மூன்று நாள் ஜலதோஷமாகப் போகும் வைரஸ், இவர்களுக்கு நிமோனியாவாகலாம்.

• வீட்டிலுள்ள எல்லோரும் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன், மாற்று சிகிச்சை அளித்த மருத்துவரிடம் கேளுங்கள்.

தடுப்பூசி மறுபடியும் முதலிலிருந்து

சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் நீங்கிவிடுவதால், பெரியவரானாலும் மறுபடி போட்டாக வேண்டும். நியூமோகாக்கல் உள்ளிட்ட உயிரற்ற தடுப்பூசிகள் வழக்கமாக 3 முதல் 6 மாதங்களுக்குப் பிறகு தொடங்கும். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்கு 2 ஆண்டுகளாவது ஆக வேண்டும், ஜி.வி.ஹெச்.டி.யும் இருக்கக் கூடாது, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும் நின்றிருக்க வேண்டும்.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்: சி.எம்.வி. அளவு என்ன? ஏசைக்ளோவிர் எதுவரை? தடுப்பூசி எப்போது தொடங்கும்? மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.