கணினிக்கு வந்த காய்ச்சல்

கன்னியா வெந்நீரூற்றுக்குச் சென்று நீராடியவர்கள் அறிவர்: அருகருகே அமைந்த ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே அளவினதன்று. வாளியில் மொண்ட நீரைக் கையால் தொட்டுப் பார்த்தே நாம் சூட்டை அறிகின்றோம். ஆனால், தொட்டறிய முடியாத வெப்பம் ஒன்று இன்று நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கின்றது. அது கணினியின் வெப்பம்.

கச்சான் காற்று வீசிய ஆடி மாதம் ஒன்றிலே, திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த எமது வீட்டு மேசைக் கணினி பட்டப்பகலில் அடிக்கடி தானாகவே நின்றுபோயிற்று. அதில் ஒப்படை எழுதிக்கொண்டிருந்த மாணவனின் உழைப்பு இருமுறை வீணாயிற்று. பார்த்தவர்கள், “பழையதாகிவிட்டது, புதிது வாங்குங்கள்” என்றனர். நடுத்தரக் குடும்பத்துக்கு அது இலகுவான காரியமா? வாங்குமுன் காரணத்தை ஆராய முற்பட்டோம்.

அக்கணினி லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் இயங்குவது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த இம்முறைமை இலவசமாகக் கிடைப்பது. பழைய கணினிகளுக்கும் ஏற்றது. அதில் எல்எம்-சென்சர்ஸ் என்னும் மென்பொருளை நிறுவி, முனையத்தில் ‘சென்சர்ஸ்’ என்ற கட்டளையைத் தட்டினால் வெப்பநிலை திரையில் தோன்றும். எமக்குத் தோன்றிய எண் 97 பாகை!

கடைத்தெருவில் புரொசெசர் என்றும் பாடநூலில் முறைவழியாக்கி என்றும் வழங்கும் சில்லு உட்கொள்ளும் மின்சாரம் அனைத்தும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. அதன்மேல் பொருத்திய உலோகத் தகடுகள் அவ்வெப்பத்தை வாங்க, மின்விசிறி அதனைக் காற்றிலே கலக்கின்றது. காற்றே சூடாயின் தணிவு ஏது? 22 பாகை அறையில் இயங்கும் கணினியிலும் 32 பாகையான எமது அறைக் கணினி ஏறக்குறைய 10 பாகை கூடுதலாகவே காட்டும். இன்டெல் முறைவழியாக்கிகள் பல, 100 பாகையை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. வெப்பம் அதற்கு மேலும் ஏறினால் கணினி நின்றுவிடுகின்றது. ஆகவே, எமது கணினி நின்றது நோயன்று; தற்காப்பு.

அடுத்து, ‘டொப்’ என்ற கட்டளையால் எந்த மென்பொருள் மிகுதியாக உழைக்கின்றது என்று பார்த்தோம். திறந்தபடி மறக்கப்பட்ட இணையப் பக்கங்கள் பல இருந்தன, அவற்றை மூடினோம். பின்னர் பெட்டியின் பக்கத் தகட்டைச் சிறிது நேரம் கழற்றி வைத்தோம். வெப்பம் சட்டென்று குறைந்தது. காற்றோட்டமே குறை என்பது அதனால் தெளிவாயிற்று.

மின்னிணைப்பை முற்றாகத் துண்டித்து உள்ளே நோக்கினால், உலோகத் தகடுகளின் இடைவெளிகளில் கடற்காற்றின் ஈரத்தோடு ஒட்டிய தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் அதனை அகற்றினோம். சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே பூசும் வெப்பப் பசையும் காய்ந்திருந்தது. பழையதைத் துடைத்துப் பட்டாணி அளவு புதியது இட்டோம். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம்.

இறுதியாக, மின்சேமிப்பு முறையைத் தெரிவு செய்தோம். இதில் ஒரு நுட்பம் உண்டு. சில்லின் இயக்க வெப்பம் அதன் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுவது. இரண்டையும் பத்திலொரு பங்கு குறைத்தால், அவ்வெப்பம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். எழுத்து வேலைக்கு அவ்வேக இழப்பு தெரியவே மாட்டாது.

மீண்டும் அதே வேலையைச் செய்வித்தபோது திரையில் 74 பாகை தோன்றியது. செலவானது ஒரு சிறு குழாய்ப் பசையின் விலையும் ஒரு மாலைப்பொழுதுமே. அந்த மாணவனும் ஒப்படையை முடித்தான். இடையிடையே சேமித்து வைக்கும் நற்பழக்கத்தையும் கற்றுக்கொண்டான்.

காய்ச்சல் என்றதும் உயிரே போயிற்று என்று கைவிடுவார் உண்டோ? முதலில் அளந்து பார்ப்போம். அடுத்த கச்சானுக்கு முன், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஒருமுறை அப்பெட்டியைத் திறந்து துப்புரவு செய்தல் நன்று.